ஜோடிக்குத்தான் ரேங்க்

செவ்வாய்க்கிழமை காலையில் எனக்குக் காபி இறங்காது. இறகுப்பந்தின் உலகத் தரவரிசைப் பட்டியல் அன்றைக்குத்தான் வரும். எங்கள் வரியைப் பார்த்த பிறகுதான் டம்ளரைத் தொடுவேன்.

உங்களுக்கு இந்த ஆட்டம் தெரியாது என்றீர்கள். பரவாயில்லை மேடம், சொல்கிறேன். கடைசி ஒரு வருடத்தில் நீங்கள் ஆடிய போட்டிகளில், அதிகப் புள்ளி கிடைத்த பத்தை மட்டும் எடுத்துக் கூட்டுவார்கள். அந்தக் கூட்டல்தான் உங்கள் இடம். ஒரு வருடம் ஆனதும் பழைய புள்ளி உதிர்ந்துவிடும். போன வருடம் ஒரு கோப்பை வாங்கினீர்களா, இந்த வருடமும் வாங்கினால்தான் நின்ற இடத்தில் நிற்கலாம். முட்டி வலி, காய்ச்சல், வீட்டில் சாவு என்றெல்லாம் பட்டியலிடம் போய்ச் சொல்ல முடியாது. அதில் எனக்குக் கோபம் இல்லை. எல்லாருக்கும் ஒரே அளவுதான்.

இரட்டையர் ஆட்டத்தில் இன்னொன்று உண்டு. புள்ளி எனக்கும் கிடையாது, அவளுக்கும் கிடையாது. எங்கள் ஜோடிக்கு. ஒரே வரியில் இரண்டு பெயர். ஜோடி பிரிந்து வேறு ஆளோடு சேர்ந்தால், போட்டியில் இடம் தரும்போது பழசைக் கொஞ்சம் கணக்கில் எடுப்பார்கள்; பட்டியலில் மட்டும் புது ஜோடி அடியிலிருந்துதான் ஏற வேண்டும். அவளுக்கு வயது இருபத்து மூன்று, ஏறலாம். எனக்கு முப்பத்தொன்று.

அவள் என் சித்தி மகள். சித்தி இறந்துபோன பிறகு எங்கள் வீட்டிலேயே வளர்ந்தாள். வலைக்கு முன்னால் துள்ளித் துள்ளி ஆடுவாள் என்பதால் குருவி என்று கூப்பிடுவேன். நான் மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவேன். அவள் முன்னால், நான் பின்னால். என்னைப் பெண் பார்க்க வருகிறோம் என்றவர்களை எல்லாம் போட்டி இருக்கிறது என்று தட்டிக் கழித்தேன். "நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கிட்டாச்சு, இனி மாப்பிள்ளை எதுக்கு?" என்று அம்மா கேலி செய்வார்.

பதினோராம் இடத்துக்கு வந்த அன்று உடை மாற்றும் அறையில் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, கோச் என்னை அந்த நெட்டைப் பொண்ணுகூட ஆடச் சொல்றாரு."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னுட்டேன்."

"எப்ப?"

"போன மாசம்."

அந்த ஒரு மாதத்துக்குள் நாங்கள் ஒரு அரையிறுதியை ஜெயித்திருந்தோம். கடைசிப் புள்ளி விழுந்ததும் ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்போதே அவளுக்குத் தெரியும்.

கோச்சிடம் போய்க் கேட்டேன். போனிலிருந்து தலையைத் தூக்காமலே பேசினார். "உன் முட்டி இனி தாங்காதும்மா. அவளையும் ஏன் பிடிச்சு வெச்சுக்கற? நல்ல அக்காவா விட்டுக்கொடு." எங்கள் ரேங்கைக் காட்டித்தான் அவர் தலைமைக் கோச் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கத்தவில்லை. சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் வழக்கமான பயிற்சி. எதிர்ப்பக்கம் கோச் நின்று ஷட்டிலை உயரத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். பின்னால் நிற்பவள் ஓங்கி ஸ்மாஷ் அடிக்கும்போது முன்னால் நிற்பவள் திரும்பக் கூடாது. மட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலையையே பார்க்க வேண்டும். எத்தனையோ வருடம் அவள் அப்படித்தான் நின்றாள், என் அடி அவள் காதோரமாகப் போகும் என்று நம்பி. அன்றைக்கும் நின்றாள். நெட்டைப் பெண் ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள், தன் முறைக்காக.

ஷட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. "குருவி" என்று கூப்பிட்டேன். மெதுவாகத்தான், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. திரும்பினாள்.

விபத்து என்றார்கள் எல்லாரும். "முன்னாடி நிக்கறவ திரும்பலாமா, இது கூடவா தெரியாது?" என்று கோச் ஆம்புலன்ஸ் பக்கத்திலேயே நின்று அவளைத் திட்டினார். எனக்கு அவர்மேல் அப்படியொரு கோபம் வந்தது. வலியில் துடிக்கிறவளிடம் பேசுகிற பேச்சா அது?

இடது கண்ணில் பார்வை திரும்பவில்லை. நெட்டைப் பெண் பத்து நாளில் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டாள். கோச் ஒரு தடவை பழக்கூடையோடு வந்தார், அவ்வளவுதான். மருத்துவமனைக்குக் கூட்டிப் போவதும், சொட்டு மருந்து விடுவதும், படியில் கால் தடுக்காமல் கையைப் பிடித்துக்கொள்வதும் நான்தான். யார் உண்மையாக இருந்தார்கள் என்று அவளே தெரிந்துகொள்ளட்டும்.

ஒருநாள் மருந்து விட்டுக்கொண்டிருந்தபோது, "அன்னைக்கு யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சுக்கா" என்றாள்.

"அடிபட்டா அப்படித்தான் தோணும். கண்ணை மூடிக்க."

மூடிக்கொண்டாள். அதன்பிறகு அதைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்து, எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பெயரை வேறு யார் சொல்ல முடியும்? மறைத்துப் பிரயோஜனம் இல்லை.

ஆமாம் மேடம். கூப்பிட்டேன், முகம் முழுதாகத் திரும்பும்வரை காத்திருந்தேன், கண்ணைப் பார்த்துத்தான் அடித்தேன். கை வழுக்கவில்லை. நான் அடித்ததிலேயே சுத்தமான அடி அது.

பழிவாங்க அடித்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். எங்கள் வரி இன்னும் பட்டியலில் இருக்கிறது. நாற்பதுக்குக் கீழே இறங்கிவிட்டது, வாராவாரம் இறங்குகிறது. ஆனாலும் கடைசிப் புள்ளி உதிரும்வரை இரண்டு பெயரும் ஒன்றாகத்தான் நிற்கும், யாராலும் பிரிக்க முடியாது. இந்த வாக்குமூலத்திலும் அப்படியே இரண்டு பெயரையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். என் பெயரை மட்டும் தனியாக எழுதினால், இதை நான் ஒருத்திதான் செய்தேன் என்று ஆகிவிடும்.