பெட்டியில் ஆள் ஏற்றக் கூடாது

அந்தக் கை விளங்குமா? நீங்களே சொல்லுங்க தம்பி, என்னைப் போட்டுக் குடுத்தவன் கை விளங்குமா?… உட்காருங்க, உட்காருங்க. உங்க சட்டைதான் தேய்க்கிறேன். மாடிக்குப் புதுசாக் குடிவந்தவர்தானே? இன்டர்வியூவா? ஒரு கை முடிஞ்சிருச்சு, இன்னொரு கைதான் பாக்கி. இஸ்திரிப் பெட்டி சூடாகட்டும்… என் வயித்தெரிச்சல்லயே சூடாயிடும்!

யாரைத் திட்டுறேன்னா? ஆள் தெரிஞ்சா ஏன் பொதுவாத் திட்டுறேன்? மூஞ்சிக்கு நேராவே திட்ட மாட்டேனா?

வாசல்ல நிக்குதே, முன்னால பெரிய பெட்டி வெச்ச பேட்டரி சைக்கிள்… அதாலதான் எல்லாம். இத்தனை வருசமா துணி மூட்டைய இடுப்புல இடுக்கிக்கிட்டு இந்த மேட்டை ஏறுனேன். முழங்கால் ரெண்டும் எண்ணெய் காணாத கதவு மாதிரி கத்தும். அப்பதான் சொன்னாங்க, சரக்கு சைக்கிள் வாங்குனா அரசாங்கம் பாதி விலைய மானியமாத் தருதுன்னு. விடுவேனா? எழுதிப் போட்டேன். கடைக்காரரும் மானியம் வந்துரும்னு நம்பி வண்டியக் குடுத்துட்டாரு. மிதிச்சா… அடேயப்பா! மேட்டுல யாரோ பின்னால இருந்து தள்ளி விடுற மாதிரி போகுது தம்பி. கல்யாணமான நாள்ல இருந்து என்னை அப்படி ஒருத்தரும் தாங்கினதில்ல.

…என்ன சத்தமா? ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. அங்க பாக்காதீங்க, இங்க பாருங்க.

காலையில மானிய ஆபீஸ்ல இருந்து போன். "பெட்டியில ஆள் ஏத்துறீங்கன்னு தெரியுதும்மா. சரக்குக்குத்தான் மானியம், ஆளுக்குக் கிடையாது. இன்னைக்கு நேர்ல வந்து பாக்குறோம்"ங்கிறாரு. எப்படித் தெரியும்? எவனோ வேலை பாத்திருக்கான்! மானியம் போச்சுன்னா கடைக்காரர் வண்டியத் தள்ளிக்கிட்டுப் போயிருவாரு. மறுபடி இடுப்பு, மறுபடி மூட்டை, மறுபடி அந்த மேடு…

ஏத்துனேனாவா? இது என்ன கேள்வி தம்பி! ஊர்ல போறவங்களையா ஏத்துனேன்? என் வீட்டுக்காரரைத்தானே! துணைக்கு வர்றேன்னு வருவாரு. என்ன துணை? நான் மாடி மாடியா ஏறுவேன், இவரு கீழ வண்டிக்குக் காவல். திரும்பி வரும்போது தேய்க்கிற துணியெல்லாம் பெட்டியில மெத்தை மாதிரி கிடக்குமா… ஏறிப் படுத்துருவாரு. வீட்டுக் கட்டில்ல வராத தூக்கம் அதுல வருதாம். உங்க சட்டை ஏன் இப்படிக் கசங்கிக் கிடக்குன்னு நெனச்சீங்க?… சரி சரி, மொறைக்காதீங்க. தேய்ச்சுத்தானே தர்றேன்.

யாரா இருக்கும்னு நானும் யோசிச்சுட்டேன். என் நாத்தனாரா? சேச்சே, "எங்க அண்ணனைப் பல்லக்குல தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கு"ன்னு பூரிச்சுப் போனா. முடி வெட்டுறவரா? அவர் கண்ணாடியில தெருவே தெரியும், ஆனா அவருக்கு வாய்தான் நீளம், கை நீளாது. மூலைக்கடை டெய்லர்தான்! அவரும் எழுதிப் போட்டாரு, அவருக்கு இன்னும் வண்டி வரல. வயிறு எரியுமில்ல? என்னைப் போட்டுக் குடுத்த கை எதுவோ, முதுகு அரிக்கும்போது அந்தக் கைக்கு எட்டாமப் போகட்டும்!

நான் ஆபீஸ்காரங்ககிட்ட எவ்வளவு மரியாதையா நடந்துக்கிட்டேன் தெரியுமா? போன வாரம், வண்டி கடை வாசல்ல நிக்கிற போட்டோ அனுப்பச் சொன்னாங்க. நானே எடுத்தேன், நானே அனுப்புனேன். இந்தாங்க, போன்ல பாருங்க. கடை போர்டு, வண்டி, பெட்டி, எல்லாம் எவ்வளவு அம்சமா விழுந்திருக்கு!… எது? மூடி இடுக்குல நீட்டிக்கிட்டு இருக்கிறதா? குடைக் காம்பா இருக்கும்… விரலால இழுத்தாப் பெருசாகுமா? எங்க…

ஐயையோ.

கால். என் வீட்டுக்காரர் பெருவிரல்ல நான் போட்ட கட்டு. இஸ்திரிப் பெட்டி விழுந்த விரல்!

…நானே எடுத்து… நானே…

தம்பி, கொஞ்சம் முன்னாடி முதுகைப் பத்தி ஏதோ சொன்னேன்ல? அதை வாபஸ் வாங்கிக்கிறேன். டெய்லர் தங்கமான மனுசன். நீங்கதான் சாட்சி… இப்பவே அரிக்கிற மாதிரி இருக்கே!

ஆமா, மேட்டுல இருந்து இறங்கி வர்றது யாரு? கழுத்துல அட்டை தொங்குது… ஆபீஸ்காரரேதான்! எங்க வீட்டு மனுசன் இன்னும் பெட்டிக்குள்ளதானே கிடக்காரு! இடி இடிச்சாலும் எழுந்திரிக்க மாட்டாரே! தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அந்தக் காலைக் கொஞ்சம் உள்ள மடக்கி விட்டு, மூடி மேல ஒரு நிமிசம் உட்காருங்க… தம்பி? யோவ் தம்பி! இன்னொரு கை தேய்க்கல! ஒரு கை கசங்கின சட்டையோட இன்டர்வியூக்கு ஓடுறாரு பாரு…

வாங்க சார், வாங்க வாங்க! பெட்டியிலயா? துணி சார். எல்லாம் துணிதான். சத்தமா? அது… பேட்டரி சார். சார்ஜ் ஏறுதில்ல, அப்படித்தான் உறுமும். கிட்டப் போகாதீங்க சார், ஷாக் அடிச்சாலும் அடிக்கும்!

…என்ன சார்? பேட்டரி கொட்டாவி விடுதா?