டோக்கன் தொலைந்த அதிர்ஷ்டம்

"சைக்கிள் தொலைஞ்சதை வுடு. அதுக்கு முந்தின வருஷம் டோக்கனைத் தொலைச்சேன் பாரு, அதான் என் அதிர்ஷ்டம்."

திருவண்ணாமலை ரேஷன் கடையில், மண்ணெண்ணெய் க்யூவில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள் சொன்னாள். அவளோடு வந்தவளுக்கு விளங்கவில்லை. எனக்கும்தான்.

"என்னக்கா சொல்றீங்க?"

"சினிமா கொட்டாய் ஸ்டாண்டுல காசு குடுத்துத்தான் சைக்கிளை விட்டேன். படம் முடிஞ்சு வந்தா காணோம். 'தொலைஞ்சா நாங்க பொறுப்பில்லன்னு போர்டு இருக்குதே, படிக்கலியா'ன்னான் ஸ்டாண்டுக்காரன். கேஸ் போட்டுட்டேன்."

"கோர்ட்லயும் அந்த போர்டைத்தானே சொல்லியிருப்பான்?"

"சொன்னான். என் வக்கீல் ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. 'போன வருஷம் இந்தம்மா டோக்கனைத் தொலைச்சுட்டு, பூட்டுச் சாவியைக் காட்டிக் கெஞ்சினாங்களே, ஏன் அன்னிக்கே சைக்கிளைக் குடுக்கல?' அவன் நெஞ்சை நிமித்திக்கினு, 'டோக்கன் இல்லாம எப்படிங்க குடுப்பேன்? எங்கிட்ட விட்ட வண்டிக்கு நான்தானே பொறுப்பு'ன்னான். கோர்ட்டே சிரிச்சுது. ஜட்ஜ் அந்த வார்த்தையை அப்படியே எழுதிக்கினாரு."

க்யூ நகர்ந்தது. எங்களில் யாரும் நகரவில்லை.

"அப்புறம்?"

"சைக்கிள் விலையைக் குடுக்கணும்னு தீர்ப்பு. புதுசு வாங்கிட்டேன்."

"இப்ப படத்துக்குப் போனா எங்கக்கா விடுவீங்க?"

"அங்கயேதான். என்னைக் கண்டதும் எழுந்து வந்து, வண்டியைத் தள்ளிக்கினு போயி, தன் நாற்காலியோட சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டுறான். நான் வர்ற வரைக்கும் அதை விட்டு எழுந்திரிக்கிறதே இல்ல."