ஓர் உயிரும் சாகவில்லை

பால் ஊற்றாத டீ கேட்டால் எந்தக் கடையிலும் நம்மை ஒரு நொடி ஏற இறங்கப் பார்ப்பார்கள். உங்கள் ஸ்டேஷனில் அந்த ஏட்டு அப்படிப் பார்க்கவில்லை. சர்க்கரை மட்டும் போட்டு வாங்கிவந்து வைத்தார். நல்ல மனிதர். என் நன்றியை அவரிடம் சொல்லிவிடுங்கள், இன்ஸ்பெக்டர் அம்மா.

கல்லறையைத் திறக்க உத்தரவு கேட்டிருப்பதாகச் சொன்னீர்கள். அது தேவைப்படாது. என் மனைவி வெரோனிகா அமைதியாகத் தூங்கட்டும். நடந்ததை நானே சொல்கிறேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஒரே ஓர் இடத்தில் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னேன். அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

திருவண்ணாமலை சாலையில் இருக்கும் எங்கள் கடையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடை வாசலில் நின்றால் ராஜகிரிக் கோட்டை மலை முழுசாகத் தெரியும். கோட்டை ஏறி இறங்கியவர்கள், பாண்டிச்சேரியிலிருந்து பைக்கில் வரும் பிள்ளைகள், கிரிவலத்துக்குப் போகிற குடும்பங்கள், எல்லாரும் பசியோடு வருவார்கள். பால், முட்டை, தேன் எதுவும் சேராத வீகன் பர்கர் விற்றோம். 'செஞ்சியில் பர்கரா, அதுவும் கறியில்லாமலா' என்று முதலில் சிரித்தவர்கள் பிறகு வரிசையில் நின்றார்கள். பன்னுக்குள் வைக்க வேர்க்கடலையும் பலாக்காயும் சேர்த்து ஒரு வடை தட்டுவாள் வெரோனிகா. கறி தின்று வளர்ந்தவர்கள்கூட இரண்டாவது கேட்பார்கள். கடைக்கு மேலே போர்டில் பச்சை எழுத்தில் நானே எழுதினேன்: 'எங்கள் உணவுக்காக ஓர் உயிரும் சாகவில்லை.'

அதை விளம்பரத்துக்காக எழுதவில்லை. வாலிபத்தில் நான் ஒரு குஞ்சுப் பொரிப்பகத்தில் வேலை பார்த்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம், தூரத்தில் இருக்கிறது. முட்டைக் கோழி இனத்தில் சேவல் குஞ்சு எதற்கும் உதவாது. முட்டையும் இடாது, சதையும் வைக்காது. ஆகவே பொரித்த அன்றே பொறுக்கித் தனியாகப் போடுவார்கள். மஞ்சள் மஞ்சளாக, ஈரம்கூடக் காயாமல் இருக்கும். சாக்கில் அள்ளிப் போட்டு வாயைக் கட்ட வேண்டும். கட்டுவது என் வேலை. சாக்கு கொஞ்ச நேரம் அசையும். பிறகு அசையாது. நிறையப் பேர் கறியை விடுகிறார்கள். முட்டையில் என்ன இருக்கிறது, அதற்காகக் கோழி சாவதில்லையே என்கிறார்கள். ஒவ்வொரு முட்டைக்கும் பின்னால் ஒரு சாக்கு இருக்கிறது. அதைக் கட்டியவன் சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்பே இதை வெரோனிகாவிடம் சொன்னேன். திருவிழா என்றால் பன்றிக்கறி ஆக்குகிற வீடு அவளுடையது. எனக்காக எல்லாவற்றையும் விட்டாள். விட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

கடைக்குப் பின்னால் ஒரு குடோன். வேர்க்கடலை மூட்டைகளைப் பின்சுவர் வரைக்கும் அடுக்கியிருப்போம். எலி வராமல் இருக்குமா? வெரோனிகா தினமும் ஒரு பாட்டு வைப்பாள்.

"மல்லாட்ட மூட்டையெல்லாம் ஓட்ட போடுதுங்க. மருந்து வைங்கன்னா வெக்க மாட்றீங்க. பொறியாச்சும் வாங்கியாங்க."

"அதுக்கும் பசிக்குதில்ல" என்பேன். தலையில் அடித்துக்கொண்டு போய்விடுவாள்.

எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். இது இயற்கை. மழை தொடங்கிய வாரத்தில் பின்வரிசை மூட்டையை இழுத்தபோது சுவரோரமாகச் சுருண்டு கிடந்தது. கறுப்பு உடம்பு, மெல்லிய வெள்ளை வளையங்கள், எண்ணெய் தடவியது போல ஒரு மினுமினுப்பு. கட்டுவிரியன். அவ்வளவு அழகான ஒன்றை நான் பக்கத்தில் பார்த்ததே இல்லை. போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். மூட்டையை மெதுவாகப் பழைய இடத்திலேயே தள்ளினேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் மைத்துனன் விக்டர் தடியோடு வந்து நின்றிருப்பான். வனத்துறைக்கு போன் செய்திருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். செய்திருக்கலாம். ஆனால் கூட்டம் கூடும், அவர்கள் வருவதற்குள் யாராவது அடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு குடோனுக்குள் நான் மட்டுமே போனேன். வேண்டிய மூட்டையை நானே வெளியே கொண்டுவந்து வைத்தேன். வெரோனிகா மேல் எனக்கிருந்த அக்கறையை நீங்கள் இதில் பார்க்க வேண்டும்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் குழந்தை வந்தது. ஏழெட்டு வயது இருக்கும். சென்னைக் குடும்பம். அதன் அம்மா போர்டைப் படித்துவிட்டு நேராக வடை சுடும் கல்லுக்குப் பக்கத்தில் வந்தார்.

"இவளுக்கு முட்டை ஆகாதுங்க. துளி பட்டாலும் தொண்டை அடைச்சிடும். ஒரு தடவை ஐ.சி.யூ. வரைக்கும் போயிட்டு வந்தோம். வெளியில எதையும் நம்பி வாங்கித் தரதில்லை. உங்க கடையைப் பார்த்ததும்தான் தைரியம் வந்துச்சு."

தட்டு நிறைய வடை இருந்தது. வெரோனிகா அதன் மேல் ஒரு துணியை இழுத்துப் போட்டாள். "தீந்துபோச்சிங்க" என்றாள். "இது ஆர்டருக்கு வெச்சது. புள்ளைக்கு ரெண்டு வாழப்பழம் தரேன்." குழந்தை அழுதது. வந்தவர்கள் போய்விட்டார்கள். ஆர்டர் எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஏன் என்று கேட்டேன். வெரோனிகா கல்லைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை பின்பக்கச் சுவருக்கு மேலே பக்கத்து வீட்டு அசீசுன்னிசா எட்டிப் பார்த்தாள். கோழி வளர்க்கிறவள். கையில் ஒரு தூக்குவாளி.

"அக்கா இல்லியாண்ணே? இன்னிக்கு முட்ட கம்மி. வடைக்குப் பத்தாதுன்னு சொல்லிடுங்க."

நான் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் கொள்கையைப் பற்றிக்கூட அவள் அதிகம் யோசித்ததில்லை.

வெரோனிகாவிடம் கோபப்படவில்லை. நான் யாரிடமும் கோபப்பட்டதில்லை. தூக்கை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டேன்.

"கட தொறந்த மொத வாரத்துலருந்து" என்றாள். "இன்னா பண்ணச் சொல்றீங்க? வெறும் மல்லாட்டையும் பலாக்காயும் ஒண்ணா நிக்குமா? கல்லுல போட்டா பொலபொலன்னு உதுந்துபோச்சி. நீங்க தலைல கைய வெச்சிக்கினு குந்திட்டீங்க. அந்த மூஞ்ச பாக்க முடியல. ஒண்ணே ஒண்ணு ஒடச்சி ஊத்தினேன். நின்னுக்கிச்சி."

"நானும் சாப்ட்டிருக்கேன்."

"தெனமும்தான் சாப்ட்டீங்க. நல்லாருக்குன்னு சொன்னீங்க."

சாக்கைப் பற்றி அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்திருக்கிறாள். அவள் கையால் எனக்கு அதை ஊட்டியிருக்கிறாள். அவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினாள்.

"எனக்கே இப்பல்லாம் பயமாருக்குதுங்க. அந்தப் புள்ளைக்கு நேத்து குடுத்திருந்தா இன்னா ஆயிருக்கும்? ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல. ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சி வந்து போர்ட எறக்கிடலாம். முட்ட சேத்ததுன்னு எழுதிடுவோம். வரவங்களாண்ட நானே சொல்றேன், தப்பு என்னுதுன்னு."

"சரி" என்றேன்.

அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். அன்றைக்கு எனக்குப் பிடித்த புளிக்குழம்பு வைத்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் நல்ல மழை. கரண்ட் போய்விட்டது. கடையில் கூட்டமில்லை. மறுநாளைக்கு ஊறப்போட வேர்க்கடலை வேண்டியிருந்தது. வெரோனிகா குடோனுக்குப் போனாள். திரும்பி வரும்போது வலது கைவிரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"எலி கடிச்சிடுச்சி போல. சுருக்குன்னுச்சி. பாருங்க, ரத்தம்கூட வரல."

பார்த்தேன். ஊசி குத்தினது போல இரண்டு புள்ளி. கட்டுவிரியன் கடி அப்படித்தான் இருக்கும். வலிக்காது, வீங்காது.

"கழுவிக்க" என்றேன்.

மஞ்சள் வைத்துக்கொண்டாள். வேர்க்கடலையைத் தண்ணீரில் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வயிறு வலிக்கிறது என்றாள். சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கண்ணு சொருவுதுங்க" என்றாள். "நீங்க ரெண்டு ரெண்டா தெரியிறீங்க."

"தூக்கம்தான். நேத்து நீ தூங்கல."

அவள் நம்பினாள். என் பேச்சை எப்போதும் நம்புவாள்.

அசீசுன்னிசா மெழுகுவர்த்தி கேட்டு வந்தவள் பார்த்துவிட்டாள். "இன்னாண்ணே இது, அக்கா பேச்சே கொழறுது. பெரியாஸ்பத்திரிக்கு இட்டும்போங்க." அவளே ஓடிப்போய் ஆட்டோவைக் கூப்பிட்டாள். நான் டிரைவரிடம் ஒரு சின்ன கிளினிக்குக்கு வழி சொன்னேன். பெரியாஸ்பத்திரியில் கூட்டமாக இருக்கும்.

டாக்டர் சின்ன வயசுப் பையன். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். கண்ணில் டார்ச் அடித்தார். யோசித்தார்.

"ஏதாவது கடிச்சுதா?"

வெரோனிகா வாயைத் திறந்தாள். நாக்கு புரளவில்லை. கையைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. இமைகள் மூடியேதான் கிடந்தன. ஆனால் காது கேட்டுக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன். என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"எலி" என்றேன்.

நான் மாற்றிச் சொன்ன ஒரு சொல் அதுதான்.

அதற்குக் காரணம் உண்டு. பாம்புக்கடி மருந்தை எப்படி எடுக்கிறார்கள் என்று தெரியுமா, அம்மா? விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றுவார்கள். அது நோய்ப்பட்டு, தேறி, மறுபடி நோய்ப்படும். அதன் ரத்தத்தை எடுத்துத்தான் மருந்து. கொட்டடியில் வரிசையாக நிற்கும் குதிரைகளின் படத்தை நான் பார்த்திருக்கிறேன். கழுத்தில் மயிர் மழித்த இடம் இருக்கும். அந்த நேரத்தில் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. வெரோனிகாவைக் கேட்டிருந்தால் அவளும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள். கேட்கிற நிலையில் அவள் இல்லை.

டாக்டர் வயிற்றுவலிக்கு ஊசி போட்டார். மூச்சு இழுக்கத் தொடங்கியதும் பயந்துபோய் ஆம்புலன்ஸ் வரவழைத்தார். விழுப்புரம் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்ததும் அவளை அடக்கம் செய்தோம்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். முப்பதாம் நாளுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்க அக்கா படம் வேண்டுமென்று விக்டர் என் போனை வாங்கினான். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான்.

"மாமா, இது நம்ம குடோன்தான?"

"ஆமா."

"எப்ப எடுத்தது?"

"தேதி அதுலயே இருக்கும் பாரு" என்றேன்.

அவன் விரலால் அந்தப் பாம்பைப் பெரிதாக்கிப் பார்த்தான். என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மழையில் நடந்தே உங்களிடம் வந்தான்.

வெரோனிகா குடோனுக்குப் போனாள் என்று சற்று முன் சொன்னேன். அதை நீங்கள் திருத்தி எழுதிக்கொள்ளலாம். நான் அனுப்பினேன். முன்வரிசையில் வேண்டாம், சுவரோரம் கடைசி வரிசையில் ஒரு மூட்டை கிழிந்திருக்கிறது, அதில் கைவிட்டு அள்ளிக்கொண்டு வா என்றேன். டார்ச் எங்கே என்று கேட்டாள். சார்ஜ் இல்லை என்றேன். இதையும் பொய் என்று நீங்கள் எழுதுவீர்கள். டார்ச் என் மடியில் இருந்தது. மத்தியானம் நான் உள்ளே போய்ப் பார்த்திருந்தேன். அது அதே இடத்தில் படுத்திருந்தது.

நான் அவளைத் தொடவில்லை. தள்ளவில்லை. அவளுக்கும் அந்த உயிருக்கும் நடுவில் நான் வரவில்லை, அவ்வளவுதான். பாம்பு அதற்குப் பிறகு எங்கோ போய்விட்டது. அதை யாரும் அடிக்கவில்லை.

இன்னும் ஒன்று. கடையைப் பற்றிக் கேட்டீர்கள். ஏழாம் நாள் பூசை முடிந்ததும் திறந்துவிட்டேன். ஆள் வைக்காமல் நானே கல்லில் நின்றேன். வடை உதிர்ந்தது. சோள மாவு போட்டுப் பார்த்தேன், உருளைக்கிழங்கு போட்டுப் பார்த்தேன். பன்னுக்குள் வைத்துக் கடித்தால் மணல் மாதிரிக் கொட்டுகிறது. வெளியூர்க்காரர்கள் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். 'அந்தம்மா கைப்பக்குவம் இல்ல' என்று என் காதுபடவே பேசினார்கள். அப்படியே விட்டால் எல்லாரும் மறுபடி கறிக்கடைக்குத்தான் போவார்கள். எத்தனை உயிர் போகும், சொல்லுங்கள்.

அசீசுன்னிசா இப்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் பக்கத்து ஊர் வல்லம் போய் வாங்கி வந்தேன். ஒரு படி மாவுக்கு இரண்டு ஊற்றினால் நன்றாக நின்றுகொள்கிறது. நீங்கள் என்னைக் கூட்டிவந்த அன்று காலைவரை விற்றேன். போர்டை இறக்கவில்லை. இறக்க வேண்டிய அவசியமும் இல்லை. முட்டைக்காக எந்தக் கோழியும் சாவதில்லை, அம்மா. விசாரித்துவிட்டுத்தான் வாங்கினேன்.