எந்தப் பாடமும் வேண்டாத வேலை

— கடைசிக் கட்டம் மட்டும் காலியா இருக்கே, நிஷிகாகி மேடம். மத்ததெல்லாம் எழுதிட்டீங்க.

— எது? கண்ணாடி இல்லாம எனக்குத் தெரியல, படிங்க.

— 'இந்த வேலைக்கு நடுநிலைப் பள்ளியில் படிக்கும் எந்தெந்தப் பாடம் பயன்படுகிறது?' ஒரு வரி போதும்.

— அதுவா. அதுக்கு என்ன எழுதறதுன்னு தெரியல, வாத்தியாரே. நான் கறை எடுக்கிறவ. காலையிலேர்ந்து மருந்து நெடியில நின்னு தலை கிறுகிறுங்குது. முதல்ல உட்காருங்க. அந்த மூட்டையை நகர்த்துங்க, எல்லாம் தோய்ச்சதுதான்.

— உட்கார்ந்தா எந்திரிக்க மாட்டேன். ஆறே முக்காலுக்குப் பள்ளிக்கூடம் வந்தவன். மத்தியானத்துக்கு மேல மட்டும் பதினோரு இடம் போய் இந்தத் தாளை வாங்கிட்டு வந்திருக்கேன். மீன் சந்தை, தீயணைப்பு நிலையம், ரொட்டிக் கடை. உங்க சலவை ஆலைதான் கடைசி.

— அப்பக் கண்டிப்பா உட்காரணும். இந்தாங்க, பார்லி டீ. ஆறிப்போச்சு, பரவாயில்லையா? நான் முகமூடியும் தொப்பியும் கழட்டாமப் பேசறேன், தப்பா நினைக்காதீங்க. இன்னும் ஒரு வண்டித் துணி பாக்கி நிக்குது.

— நண்டு சீசன் வந்துடுச்சு, இல்ல?

— வந்துடுச்சு. வெந்நீர் ஊத்துல குளிச்சுட்டு, விடுதியில கொடுக்கிற அங்கியைப் போட்டுக்கிட்டு, நண்டைத் தின்னுட்டு அதுலயே கையைத் துடைக்கிறாங்க பெரிய மனுஷங்க. ஒரு நாளைக்கு நாலாயிரம் அங்கி. மார்ச் வரைக்கும் எனக்கு முதுகுன்னு ஒண்ணு இருக்கறதே வலியிலதான் தெரியும்.

— சுசுனா எப்படி இருந்தா? அதைத்தான் முதல்ல கேட்டிருக்கணும். தாளைப் பத்திக் கேட்டுட்டேன் பாருங்க.

— இருந்தா. அஞ்சு நாளும் எட்டரைக்கு வந்து நின்னா.

— அஞ்சு நாளுமா.

— ஆமா. புதன்கிழமை மழையிலயும் வந்தா.

— உண்மையைச் சொல்லணும்னா, திங்கட்கிழமை உங்க ஆபீஸ்லேர்ந்து 'தமுரா சுசுனா வந்துட்டா'ன்னு போன் வந்தப்போ எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எட்டாம் வகுப்புப் பசங்க எல்லாரையும் அஞ்சு நாள் வேலைக்கு அனுப்பறதுக்காக அறுபத்துமூணு இடத்துல கெஞ்சியிருக்கேன். அந்தப் பட்டியல்ல உங்க ஆலையை அவளேதான் குறிச்சு அனுப்பினா. இந்த ஒரு பொண்ணு வந்தா போதும்னுதான் மனசுக்குள்ள இருந்துச்சு. ஒரு வருஷமாச்சு அவ பள்ளிக்கூட வாசலை மிதிச்சு.

— யாராவது அடிச்சாங்களா, கேலி பண்ணாங்களா?

— விசாரிச்சுப் பார்த்துட்டேன். வகுப்புல ஒவ்வொருத்தரையும் தனித்தனியாக் கூப்பிட்டுக் கேட்டாச்சு. ஒண்ணும் இல்ல. மாசம் ரெண்டு தடவை சாயங்காலம் அவ வீட்டுக்குப் போறேன். அப்பா கதவைத் திறப்பாரு. 'தூங்கறா'ம்பாரு. நான் பாடத்தாளைக் கொடுப்பேன், அவர் குனிஞ்சு வாங்கிப்பாரு, நான் குனிஞ்சு வணங்கிட்டுத் திரும்பிடுவேன். அவ அம்மாவை இன்னிக்கு வரைக்கும் நான் பார்த்ததே இல்ல. போன் பண்ணாலும் எடுக்க மாட்டாங்க. வேலையாம். பெத்த பொண்ணை விட அப்படி என்ன வேலையோ.

— ஆமாவா.

— சொல்லியிருக்கக் கூடாது. அலுப்புல வாயில வந்துடுச்சு.

— அது கிடக்கட்டும். டீயைக் குடிங்க.

— அவ பேசினாளா?

— முதல் நாள் 'சரி', 'புரிஞ்சுது' அவ்வளவுதான். ரெண்டாம் நாள் ஒரு அங்கி வந்துச்சு, முன்பக்கம் பூரா நண்டுச் சாறு. எடுத்த எடுப்புல சுடுதண்ணிக் குழாயைத் திறக்கப் போனா. நான் கையைப் பிடிச்சேன். சுடுதண்ணி பட்டா அது முட்டை வெந்த மாதிரி நூலுக்குள்ள இறுகிடும், அப்புறம் சாமியே வந்தாலும் போகாதுன்னேன். முதல்ல பச்சைத்தண்ணி, அப்புறம் ஒரு பொடி இருக்கு, அதை வெதுவெதுன்னு கரைச்சு ஊறப் போடணும். கொஞ்ச நேரம் அந்த வாளியையே பார்த்துட்டு இருந்தா. 'வயித்துக்குள்ள மாமிசம் செரிக்கிறதும் இப்படித்தானே'ன்னா.

— நொதி.

— என்னது?

— அந்தப் பொடியில இருக்கறதுக்குப் பேரு நொதி. வயித்துலயும் அதேதான். எட்டாம் வகுப்பு அறிவியல், ஜூன் மாசம் நான் நடத்தின பாடம். ஆனா அவ அன்னிக்கெல்லாம் வரலையே.

— நீங்க கொண்டு போய்க் கொடுக்கிற தாளையெல்லாம் படிக்கிறா போல.

— படிக்கிறாளா? உறையைக்கூடப் பிரிக்கிறதில்லைன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

— பிரிக்காமயா தெரியும்.

— இருங்க. அப்ப இதையே எழுதலாமே அந்தக் கட்டத்துல. 'அறிவியல்'னு போடுங்க. மருந்து கலக்கறதுக்குக் கணக்கு வேணும்தானே? ஒண்ணுக்கு இருபதுன்னு ஏதாவது அளவு இருக்கும்ல?

— இருக்கும். விடுதிக்கு ஒரு பூ, கரைக்கு ஒரு நிறம்னு எழுபது வகை அங்கி இருக்கு. எது எந்த விடுதியோடதுன்னு கண்ணை மூடிட்டுச் சொல்லணும். மாத்தி அனுப்பினா அவ்வளவுதான், அந்த விடுதிக்காரம்மா நேரா வந்து நிப்பாங்க. அது உங்க பாடத்துல எதுல வரும்?

— சமூக அறிவியல்... ஓவியம். ரெண்டுலயும் போடலாம்.

— ஏழாம் நம்பர் இயந்திரம் சுத்தறப்போ சத்தம் மாறுதுன்னு சுசுனாதான் வந்து சொன்னா. மெக்கானிக்கு வந்து பார்த்தா உள்ள தேய்ஞ்சு போயிருக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா நின்னிருக்கும். முப்பது பேர் அந்தச் சத்தத்துலயே நிக்கிறோம், யார் காதுலயும் விழல.

— அவளுக்கு இசையில நல்ல மதிப்பெண் இருந்துச்சு, ஏழாவதுல. எழுதுங்க மேடம், இதையெல்லாம் எழுதுங்க. திங்கட்கிழமை வகுப்புல எல்லாரோட தாளையும் சுவத்துல ஒட்டுவேன். தன் பேர் போட்ட தாளைப் பார்த்தா அவளுக்கே தோணும், நம்ம படிக்கிறதுக்கும் வெளியில இருக்கற வேலைக்கும் தொடர்பு இருக்குன்னு. அதுக்காகவாவது வருவா.

— சுவத்துல ஒட்டுவீங்களா?

— ஒட்டுவோம். எப்பவும் அப்படித்தான்.

— அதான் எழுத மாட்டேங்கறேன், வாத்தியாரே.

— ஏன்?

— சொன்னாச் சங்கடப்படுவீங்க. நாள் பூரா அலைஞ்சுட்டு வந்திருக்கீங்க.

— ஒரு வருஷமா தெரியாம அலையறதை விடவா? சொல்லுங்க.

— நேத்து துணி மடிக்கிறப்போ அவளாத்தான் ஆரம்பிச்சா. போன வருஷம், ஏழாம் வகுப்புல, பெரியவளானா என்ன ஆகப்போறேன்னு எல்லாரும் ஒரு தாள்ல எழுதினாங்களாமே?

— வருஷா வருஷம் எழுதச் சொல்வோம். பக்கத்துல அதுக்கு எந்தப் பாடத்தை நல்லாப் படிக்கணும்னு ஆசிரியர் எழுதிக் கொடுப்போம்.

— அதேதான். இவ அவங்க அம்மா பார்க்கிற வேலையை எழுதியிருந்தாளாம். அடிக்கோடு போட்டு, பக்கத்துல படமெல்லாம் வரைஞ்சு.

— என்ன வேலை?

— அது கிடக்கட்டும். அதுக்குப் பக்கத்துல சிவப்புப் பேனாவுல எழுதியிருந்துச்சாம்: 'இதற்கு எந்தப் பாடமும் வேண்டாமே. இன்னும் பெரிதாகக் கனவு காண்.' அடுத்த தாள்ல ஒரு பையன் டாக்டர்னு எழுதியிருக்கான். அதுக்குச் சிவப்புல பூ வரைஞ்சிருந்துச்சாம். இவளுக்குப் பூ இல்ல.

— சிவப்புப் பேனாவுலயா?

— பெத்தவங்களை வகுப்பு பார்க்கக் கூப்பிட்ட நாளைக்கு, வரிசையா சுவத்துல ஒட்டியிருக்காங்க. அன்னிக்குன்னு பார்த்து அவங்க அம்மா லீவு போட்டுட்டுப் போயிருக்காங்க. வாசல் பக்கம் நின்னு படிச்சிருக்காங்க. சுத்தி மத்த அம்மாக்கள்.

— நான்தான்.

— சிவப்புப் பேனா யாரோடதுன்னு நான் கேட்கல.

— நான்தான் எழுதினேன். அவ அப்ப என் வகுப்பு இல்ல, ஆனா தொழில் வழிகாட்டிப் பொறுப்பு என்கிட்டதான். நாலு வகுப்பு, நூத்திப்பதினாறு தாள். ஞாயித்துக்கிழமை டென்னிஸ் பசங்களைப் போட்டிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்து, மறுநாள் ஒட்டணும்னு ஒரே மூச்சுல எழுதினேன். அந்தத் தாள் எனக்கு ஞாபகமே இல்ல. அது இன்னும் கேவலம். ஆனா வார்த்தை என்னோடதுதான், எனக்குத் தெரியுது. ஊக்கப்படுத்தறேன்னு நினைச்சு அப்படித்தான் எழுதுவேன்.

— கெட்ட எண்ணத்துல எழுதினதா அவளும் சொல்லல.

— அந்தக் கோபத்துலதான் வராம இருந்தாளா? அந்த ஒரு வரிக்கா?

— உங்க மேல கோபம்னா நாலு நாள்ல தீர்ந்திருக்கும். அன்னிக்கு வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட, 'வாத்தியாருக்கு ஒண்ணும் தெரியாது, நீ வந்து சொல்லு'ன்னு குதிச்சிருக்கா. அவங்க அம்மா சோறு வச்சுக்கிட்டே, 'அவர் சொன்னது சரிதானே, இதுக்கு என்ன படிப்பு வேணும்'னுட்டாங்களாம். பதினேழு வருஷம் பார்த்த வேலை. வாத்தியார் எழுதிட்டாருன்னதும் தலையை ஆட்டிட்டாங்க. அதுதான் அவளுக்குத் தாங்கல. மறுநாள் காலையில சீருடையைப் போட்டுக்கிட்டு வாசல் வரைக்கும் போனாளாம். காலு வரல.

— ஒரு வருஷமா எல்லாரையும் கேட்டேன், மேடம். யார் உன்னை என்ன பண்ணாங்கன்னு கதவுக்கு வெளியில நின்னு கேட்டேன். உள்ள அவ என் குரலைக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கா.

— கேட்டிருப்பா. டீ ஊத்தட்டுமா இன்னும்?

— வேண்டாம். திங்கட்கிழமை பத்தி ஏதாவது சொன்னாளா? மார்ச் தாண்டினா ஒன்பதாவது. இப்பவே விட்டா மேல்நிலைப் பள்ளிக்கு எந்த முகத்தோட விண்ணப்பம் போடறது. அதுவும் என்னாலதான்னு ஆகிடும்.

— சொன்னா. அம்மா வாயைத் திறந்து 'போ'ன்னு சொன்னாப் போறாளாம். இந்த ஒரு வருஷத்துல அவங்க அம்மா அதைச் சொல்லவே இல்ல. சொல்ற தகுதி தனக்கு இல்லைன்னு இருந்துட்டாங்க.

— அப்ப நான் அவங்களைப் பார்க்கணும். இன்னிக்கே. உண்மையைச் சொல்லணும்னா எனக்கு நிக்கவே தெம்பு இல்ல, ஆனா இன்னிக்குப் பார்க்கலைன்னா நாளைக்குத் தைரியம் வராது. எத்தனை மணிக்கு வீட்டுல இருப்பாங்கன்னு அவ சொன்னாளா?

— போய் என்ன சொல்வீங்க?

— தெரியல. மன்னிப்புக் கேட்பேன். அது எல்லாரும் கேட்கிறதுதான். அப்புறம்... நான் அறிவியல் வாத்தியார். நொதின்னு கரும்பலகையில எழுதியிருக்கேன் இருபத்துமூணு வருஷமா. அதை வச்சு ஒரு கறையைக்கூட எடுத்ததில்ல. உங்களுக்குத் தெரிஞ்ச வேலை எனக்குத் தெரியாது, தெரியாமயே திருத்திட்டேன்னு சொல்வேன். அவங்க பார்க்கிற வேலை என்னன்னே இன்னும் எனக்குத் தெரியாது பாருங்க. வீட்டுல எப்ப இருப்பாங்க, மேடம்?

— ஏழு மணிக்கு மேலதான். நண்டு சீசன்ல எட்டும் ஆகும். அவ்வளவு தூரம் அலையாதீங்க, வாத்தியாரே. இந்த முகமூடியைக் கழட்டிடறேன், இருங்க. நிஷிகாகிங்கறது என் பொறந்த வீட்டுப் பேரு, வேலையில அதையே வச்சிருக்கேன். இப்ப சொன்னதை என் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை சொல்லுங்க. வீட்டுல என் பொண்ணு என் வாயைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா.