தேர் ஓடும் தெருவில் விற்கக் கூடாத பொருள்

இன்றைய விழாத் தலைவரும் நம் திருவிழாக் குழுவின் தனிப்பெரும் தலைவருமான ஐயா அமிர்தலிங்கம் அவர்களே, நன்னிலத்திலிருந்து வந்திருக்கும் மருத்துவர் அவர்களே, முன்வரிசை நாற்காலிகளை முந்திவந்து பிடித்த மூத்தோர்களே, நாற்காலி காலியாக இருந்தும் தரைதான் சௌகரியம் என்று தவமிருக்கும் தாய்மார்களே, பள்ளிக்கூடம் கைவிட்டும் பாடத்தைக் கைவிடாத என் பிள்ளைகளே, இவர்களுக்கு வகுப்பெடுக்கும் கலைமகளின் கனிவான வணக்கம்.

ஊர்ப் பெருமையைப் பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். காவிரி கைபிடித்து வளர்த்த கழனி நம் கழனி. குறுவையும் சம்பாவும் குலுங்கும் ஊர் நம் ஊர். நெற்பயிரின் இலையில் ஒரு புள்ளி விழுந்தால் நான்கு பேர் வரப்பில் நின்று நெற்றியைச் சுருக்குவார்கள். வேளாண் அலுவலருக்குப் போன் பறக்கும். பேசாத பயிரின் நோயைக்கூடக் கேட்டறியும் ஞானிகள் நாம். பெற்ற பெண்ணுக்கு நோய் என்றால்? அவள்தான் வாய் திறந்து பேசுவாளே, அதனால் கேட்க மாட்டோம். எவ்வளவு உயர்ந்த நாகரிகம்.

இதோ மேடையோரம் உட்கார்ந்திருக்கிறாள், அனுசுயா. குத்தகை நிலத்தில் பாடுபடும் அய்யாக்கண்ணுவின் மகள். ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் சீருடையில் கறை பட்டுவிட்டது. பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் இல்லை. எல்லோரும் போகும்வரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. பிறகு போகவேயில்லை. நாம் என்ன சொன்னோம்? "படிப்பு ஏறல" என்றோம். ஒரு வாளித் தண்ணீர் ஏறாத இடத்தில் படிப்பு எப்படி ஐயா ஏறும்?

படிப்பை விட்டவர்களுக்கு நான் நடத்தும் வகுப்புக்கு வந்தபோது அவளுக்கு வயது பதினேழு. இரத்தசோகை என்றால் என்ன, உடம்பு ஏன் ஒவ்வொரு மாதமும் அப்படி நடந்துகொள்கிறது, ஈரத்துணியால் என்ன கேடு என்றெல்லாம் படித்தாள். அன்று மாலையே தன் தாய் பூவம்மாளின் துணியை மாட்டுக்கொட்டகை இருட்டிலிருந்து எடுத்து வாசல் வெயிலில் காயப்போட்டாள். ஊரே கூடிவிட்டது. உளுந்து காயும் வாசலில் இதுவும் காயலாமா என்று வழக்கு. கிருமியை வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றுவதில் நமக்குத்தான் எத்தனை அக்கறை.

வகுப்பில் துணி நாப்கின் தைக்கவும், அதை விற்கும் வியாபாரமும் கற்றார்கள். எந்தத் துணி நிற்கும், எப்படி விலை வைப்பது, வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது. தண்ணீர் கேன் போடும் நிதிஷ், பத்தாம் வகுப்போடு நின்றவன், தையலில் எல்லோரையும் மிஞ்சினான். ஆம்பளப் பையன் நாப்கின் தைக்கிறானே என்று கேலி செய்தார்கள். அவர்கள் சட்டையைத் தைத்த தையல்காரர் எந்தப் பாலோ, எனக்குத் தெரியாது.

இதற்கிடையே, மேற்கே ஒரு நூற்பாலைக்கு ஆள் சேர்ப்பவர், தேர் முடிந்த மறுநாள் அனுசுயாவை அழைத்துப்போவதாக ஏற்பாடு. அவள் அழுதாள். அய்யாக்கண்ணு, "திருவிழால வித்துக் காட்டு. வித்தா இங்கேயே இரு. இல்லன்னா வேன்ல ஏறு," என்றார்.

கடைக்கு இடம் கேட்டுத் திருவிழாக் குழுவிடம் போனோம். தலைவர் ஐயா என்ன சொன்னார் தெரியுமா? அவர் சிரிக்கிறார், நினைவிருக்கிறது.

"சாமி தேர் வர்ற தெருவுல இத விக்கலாமாம்மா? நாலு பெரிய மனுஷங்க நடமாட வேணாமா?"

வகுப்பு நடந்த இந்த மண்டபத்தின் சாவியையும் வாங்கிக்கொண்டார். அதே தெருமுனையில் மதுக்கடை. அங்கே நாலு பெரிய மனிதர்கள் நடமாடியதைப் பார்த்தேன். நடமாட முடியாமல் கிடந்ததையும் பார்த்தேன்.

பின்னால் கைதட்டும் தம்பி, உங்களையும்தான் பார்த்தேன்.

தேரன்று நிதிஷ் தண்ணீர் கேன் ஏற்றும் மூன்று சக்கர சைக்கிளைக் கொண்டுவந்தான். "கடை போடக் கூடாதுன்னுதான சொன்னாங்க? சைக்கிள் ஓட்டக் கூடாதுன்னு சொல்லலியே," என்றான். அவன் மிதிக்க, அனுசுயா பின்னால் நடந்தாள். நண்பகல் வரை ஒன்றும் விற்கவில்லை. பெண்கள் பார்த்தார்கள், பார்க்காதது போலப் போனார்கள். அனுசுயாவின் கண்ணில் வேன் தெரிந்தது.

அப்போதுதான் தேர் திருப்பத்தில் நின்றுவிட்டது. தெரு அடைத்துக்கொண்டது. மருந்துக்கடை அந்தப் பக்கம், கூட்டம் இந்தப் பக்கம். சிங்கப்பூரிலிருந்து தேருக்கு வந்திருந்த தலைவரின் மகள் குந்தவை, கூட்டத்தை விலக்கிக்கொண்டு சைக்கிளருகே வந்தார்.

"ஒண்ணு குடும்மா. மாத்திக்க எடம் இருக்கா?"

"மண்டபம் இருக்குக்கா. சாவி உங்க அப்பாகிட்ட," என்றாள் அனுசுயா.

குந்தவை போன் செய்தார். பட்டு வேட்டியும் பரிவட்டமுமாகத் தலைவர் பதறி ஓடிவந்தார். "என்னம்மா, ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்பு சரியாத்தாம்ப்பா இருக்கு. பீரியட்ஸ். சாவி குடுங்க."

நடுத்தெருவில், நாலு பெரிய மனிதர்கள் முன்னால். தலைவர் மகளைப் பார்த்தார். மகள் கையிலிருந்ததைப் பார்த்தார். இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக் கொடுத்தார். கொடுத்ததோடு போகவில்லை. உள்ளே போன மகள் வெளியே வரும்வரை வாசற்படியில் காவல் உட்கார்ந்தார். குந்தவையைப் பார்த்து இன்னொரு பெண் வந்தாள். அவளைப் பார்த்து இன்னும் பலர். எட்டிப் பார்த்த ஆண்களை, "அந்தப் பக்கம் போங்கய்யா," என்று தலைவரே விரட்டினார். தேர் நிலைக்கு வருமுன் சைக்கிள் காலி.

இதைச் சொல்லலாமா என்று குந்தவையிடம் கேட்டேன். "பேரோடயே சொல்லுங்கக்கா," என்றார். தலைவரிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "பரிவட்டத்த மட்டும் விட்டுடும்மா," என்றார். மன்னிக்கவும் ஐயா, வாய் தவறிவிட்டது.

மறுநாள் வேன் வந்தது. "எனக்கு இங்க வேல இருக்குண்ணே," என்றாள் அனுசுயா. வந்தவர் தகப்பனைப் பார்த்தார். அய்யாக்கண்ணு சொன்னார்: "அதான் சொல்லுதுல்ல. போயிட்டு வாங்க." வேன் காலியாகத் திரும்பியது.

ஒழுக்கம் ஒழுக்கம் என்று ஓயாமல் பேசுகிறோமே, ஒரு பெண் தன் உடம்பை அறிந்துகொண்டால் எந்த ஒழுக்கம் உடைந்தது? உழைத்துத் தன் காலில் நின்றால் எந்தக் குலம் கவிழ்ந்தது? வெட்கப்பட வேண்டியது இரத்தமா, அதற்குத் தண்ணீர் வைக்காத பள்ளிக்கூடமா?

பதிலை நான் சொல்லப்போவதில்லை. எனக்கு ஒதுக்கிய நேரத்தில் மீதியை அனுசுயாவுக்குத் தருகிறேன். வகுப்பின் முதல் பாடத்தை, இந்த உடம்பு எப்படி இயங்குகிறது என்பதை, இப்போது உங்களுக்கு அவள் நடத்துவாள். ஆண்கள் முன்னால் வந்து உட்காருங்கள், தெரியாதவர்களுக்குத்தானே முன்வரிசை. பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும், கூடவே நின்ற தாய்மார்க்கும் நன்றி, வணக்கம்.

அனுசுயா, மைக்கைப் பிடிம்மா.