மினுக்கற டிஸ்க்கைத் தொடாதே

இல்ல சிர்க்கா, கையை எடு. உருவிடாதே. ஸ்டிக்கர்ல மூணுன்னு போட்டிருந்தா போட்டிருக்கட்டும். அதை ஒட்டினவன் ஒண்ணுலருந்து எண்ணியிருக்கான், இந்த சர்வரோட கன்ட்ரோலர் பூஜ்யத்துலருந்து எண்ணும், அது செத்துப்போச்சுன்னு சொல்ற மூணு வேற. நீ கை வச்சிருக்கிறது நல்ல டிஸ்க், தாயே. அதை உருவினா ஆஸ்பத்திரியோட ஸ்கேன் படம் ஒண்ணுகூட மிஞ்சாது.

இரு, இங்கருந்து ஒரு கமாண்ட் அடிக்கிறேன். செத்த டிஸ்க்கோட விளக்கு மட்டும் மினுக்கும். மினுக்குதா? போன்ல சரியாக் கேக்கல, கொஞ்சம் சத்தமா சொல்லு. பக்கத்துலயா? பாத்தியா, அதான் செத்தது. ஆனா அதையும் இப்பத் தொடாதே.

ஏன்னா, என் திரையில இன்னொண்ணும் தெரியுது. வரிசையில கடைசி டிஸ்க். அதுவும் இழுத்துக்கிட்டுக் கிடக்கு. நான் கேக்கறப்பல்லாம் பிழைக் கணக்கு கூடிக்கிட்டே வருது. ஒரு டிஸ்க் செத்தா இந்தப் பெட்டி தாங்கும், ரெண்டாவதும் போனா எல்லாம் முடிஞ்சுது. நீ புதுசைச் சொருகின உடனே கன்ட்ரோலர் என்ன பண்ணும்? செத்ததுல இருந்ததையெல்லாம் மறுபடி கட்டறேன்னு மத்த டிஸ்க்கை மூலை முடுக்கு விடாம படிக்க ஆரம்பிக்கும். அந்தக் கடைசி டிஸ்க் அவ்வளவு ஓட்டம் ஓடாது, படுத்துடும்.

வெய்யோ பக்கத்துலதான் நிக்கிறாரா? அவரு மேனேஜர், அவருக்கு எல்லா விளக்கும் பச்சையா எரிஞ்சாப் போதும். சாயங்காலம் எரியும்னு சொல்லு. போய்க் காப்பி குடிச்சுட்டு வரட்டும். எனக்கு நேத்து ராத்திரியிலருந்து ஒரு வாய் காப்பி இல்ல, நான் கத்தறதுக்குள்ள அவரை அனுப்பிடு.

போயிட்டாரா? சரி. இன்னைக்குத் தலை ஆபரேஷன் இருக்கிற ஆளோட படத்தை மட்டும் முதல்ல வெளியில எடுத்துடலாம். நேத்து எடுத்தது, வேற எங்கயும் நகல் இல்ல. காதுக்குப் பின்னால, மூளையை ஒட்டின கட்டி. அந்தப் படத்தைப் பாக்காம டாக்டர் லிண்டமன் கத்தியைத் தொடமாட்டாரு. எனக்கு எப்படித் தெரியுமா? தெரியும், விடு. நகல் எடுக்கச் சொல்லிட்டேன். ஓடுது.

ஒரு நிமிஷம்ங்க, இதை மட்டும் முடிச்சிடறேன். உன்கிட்ட இல்ல சிர்க்கா, இங்க ஒருத்தங்க வந்து நிக்கிறாங்க.

ஏரி எப்படி இருக்குன்னா கேக்கற? நல்லாத்தான் இருக்கும். ஏரிக்கரைக் கோடை வீட்டுக்குப் போறேன்னு லீவு போட்டா நம்ம ஊருல எவனும் கேள்வி கேக்கமாட்டான்னு நெனச்சேன், நீ மீன் சிக்குச்சான்னு வேற கேக்கற.

ஐயோ, நகல் நின்னுடுச்சு.

அந்தக் கடைசி டிஸ்க்தான் முக்குது. டிக் டிக்னு கேக்குதா? எனக்கும் பயமாத்தான் இருக்கு. ரீஸ்டார்ட் பண்ணவே கூடாது, படுத்தா எழுந்திரிக்காது. நீ ஒண்ணும் பண்ண வேண்டாம், கையைக் கட்டிக்கிட்டு நில்லு. அதுவா மறுபடி மறுபடி படிச்சுப் பாக்கும். விட்டுடு.

நகருது. நகருது சிர்க்கா.

ஆபரேஷனைத் தள்ளி வைக்கவா? வேண்டவே வேண்டாம். ஸ்கேனை நாளைக்குக்கூட எடுக்கலாம், ஆனா இன்னைக்கு இடத்தை விட்டா அப்புறம் இலையுதிர் காலத்துலதான் தருவாங்க. கட்டி அதுவரைக்கும் காத்துக்கிட்டிருக்காது. இடது காது ஏற்கெனவே போயிடுச்சு.

இப்பக் கவனமா கேளு. இனிமே நீதான் பாத்துக்கணும். சர்வர் பக்கத்துல இருக்கிற திரையை உன் பக்கம் திருப்பிக்கோ, நான் ஓட விட்டது அதுலயும் தெரியும். படம் முழுசா வந்ததும் லிண்டமனுக்கு அனுப்பு. பாத்துட்டேன்னு அவரு வாயால சொன்னப்புறம் மத்த படத்தையும் இதே மாதிரி வெளியில எடு. டிஸ்க் மாத்தறது கடைசியாத்தான். வெய்யோ குதிச்சாலும் சரி.

என்னால முடியாதும்மா, லேப்டாப்பை வாங்கிக்கப் போறாங்க. யாரா? நர்ஸு. வாட்ச்சையும் மோதிரத்தையும் அப்பவே கழட்டி வாங்கிட்டாங்க, இது ஒண்ணைத்தான் வயித்து மேல வச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன். உனக்கு மேல, மூணாவது மாடியில.

ஆமா. என் தலைதான்.

அழாதே, திரையைப் பாரு. கட்டிலைத் தள்ளறாங்க. எவ்வளவு வந்திருக்குன்னு மட்டும் சொல்லு.