தம்பிக்கு ஆட்டம் சலித்துப்போனது

டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடினால் கண் கெட்டுவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் இருவருக்கும் அப்படி ஒன்றும் ஆகவில்லை. வெல்டிங் வெளிச்சம் பட்டுப் பட்டு எனக்குச் சாயங்காலத்தில் கொஞ்சம் உறுத்தும், அவ்வளவுதான். தம்பிக்கு நல்ல கண். திரையின் மூலையில் எறும்பளவு எதிரி தெரிந்தால்கூட என்னை முழங்கையால் இடித்துக் காட்டுவான்.

நீங்கள் ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள், மேடம். எனக்கு ஆரம்பம் என்றால் அம்மா இறந்துபோனதுதான். அப்போது எனக்குப் பதினாறு வயது, அவனுக்கு ஆறு. அப்பா அதற்கு முன்பே வேறு ஊர், வேறு குடும்பம் என்று ஆகிவிட்டார். சித்தப்பா வந்தார். "சின்னவனை ஹாஸ்டல்ல போட்டுடலாம். பெரியவன் படிப்பை முடிக்கட்டும்" என்றார். நல்ல யோசனைதான். தம்பி என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். மறுநாள் கிரில் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். என் பள்ளிக்கூடப் பை வகுப்பிலேயே கிடந்தது. போய் எடுக்கவில்லை.

அந்தப் பட்டறையைத்தான் பிற்பாடு நானே எடுத்து நடத்தினேன். முன்னால் பட்டறை, பின்னால் இரண்டு அறை. உங்கள் ஆட்கள் பார்த்திருப்பார்கள். உள்ளறைக்குக் குளியலறையும் சேர்ந்தே இருக்கும். அது தம்பியின் அறை. அதன் சுவர் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வீட்டோடு ஒட்டியது. அவர் மெஷினும் என் கட்டிங் மெஷினும் பகலெல்லாம் போட்டி போடும்.

கேம் பெட்டி வந்தது ஒரு பெரிய வீட்டிலிருந்து. அங்கே கேட் சரிசெய்யப் போயிருந்தேன். அந்த வீட்டம்மா குப்பையோடு அதையும் வெளியே வைத்திருந்தார். நல்லா இருக்கிற சாமான், ஏன் போடறீங்க என்று கேட்டேன். "பையன் வளந்துட்டான்பா, இப்ப தொடறதே இல்ல. உனக்கு வேணும்னா எடுத்துக்கோ" என்றார். வளர்ந்துவிட்டான் என்பதை நான் அப்போது காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. இரண்டு ஜாய்ஸ்டிக்கும் சரியாக வேலை செய்கிறதா என்பதில்தான் என் கவனம் இருந்தது.

அன்று வரைக்கும் அவன் தூங்கப் போகுமுன் அம்மா எங்கே என்று கேட்டு அழுவான். அன்றைக்குக் கார் ரேஸ் ஆடினோம். சிவப்பு அவன், நீலம் நான். அழ மறந்து தூங்கிப்போனான். அதற்குப் பிறகு அவன் கேட்கவே இல்லை.

பகலெல்லாம் நான் என்னவாக இருந்தேன் என்று நினைக்கிறீர்கள்? "ஏய் தம்பி, இந்தக் கம்பியைத் தூக்கு." "கேட் சத்தம் போடுதே, என்னய்யா வேலை செஞ்சிருக்க?" ஊரார் வீட்டு வாசலில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, யாரோ உள்ளே பத்திரமாக இருப்பதற்குக் கம்பி அடிக்கிறவன். சாயங்காலம் கையைக் கழுவிவிட்டு அவன் பக்கத்தில் உட்காரும்போதுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வரும். ஒரு கோட்டை ஆட்டம் இருந்தது. ஒருவன் நெம்புகோலைப் பிடித்தால்தான் மற்றவன் கதவைத் தாண்ட முடியும். "விட்டுடாதண்ணா, விட்டுடாத" என்று கத்திக்கொண்டே ஓடுவான். நான் விட்டதே இல்லை.

எப்போது மாறினான் என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. பள்ளியின் கடைசி வருடம். முதலில் நான் ஜெயிக்க ஆரம்பித்தேன். சந்தோஷப்பட்டேன், அப்புறம்தான் புரிந்தது. அவன் வளைவில் வேண்டுமென்றே வேகத்தைக் குறைக்கிறான். ஆட்டம் சீக்கிரம் முடிய வேண்டும், எனக்கும் மனசு நோகக் கூடாது. நான் அவனுக்கு ஆறு வயதில் செய்ததை அவன் எனக்குச் செய்தான்.

பிறகு "நீ ஆடுண்ணா, நான் பாக்கறேன்" என்றான். பிறகு பார்க்கவும் இல்லை. பரீட்சை இருக்கிறது, படிக்கிறான் என்று நான் தொந்தரவு செய்யவில்லை. கணக்கு வாத்தியார் வழியில் பார்த்தால் நிறுத்தி, "உங்க தம்பி எங்கயோ போகப் போறான் பாருங்க" என்பார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார்.

பரீட்சை முடிந்த அன்று புதுப் பெட்டி வாங்கி வந்தேன். கடையில் அதுதான் இருந்ததிலேயே நல்லது. அவன் உறையைக் கவனமாகப் பிரித்தான், கிழிக்கவில்லை. குழந்தையாக இருந்தால் கிழித்திருப்பான். கொஞ்ச நேரம் ஆடினான். வீட்டுக்கு வந்த பெரியவர்கள் எதையாவது கொடுத்தால் சொல்வோமே, அந்தக் குரலில் "நல்லா இருக்குண்ணா" என்றான். ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தான்.

"என்னடா?"

"தெரியலண்ணா. முன்ன மாதிரி எதுவும் தோண மாட்டேங்குது. நானும் ஆசைப்பட்டுத்தான் உக்காந்தேன். கோவிச்சுக்காத."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்கும் என்றைக்காவது சலிக்கும் என்று பார்த்தேன். சலிக்கவில்லை. பள்ளியை முடிக்கிறவர்களுக்குத்தான் அது வரும்போலிருக்கிறது.

தூரத்தில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அதற்கு முன் நான் டிவி முன்னால்தான் பார்த்திருக்கிறேன். சாப்பிடும்போது சொன்னான்: "நீயும் ஒரு கல்யாணம் பண்ணிக்கோண்ணா. எத்தனை நாளைக்குத்தான் எனக்காகவே இருப்ப? உனக்குன்னு ஒரு வாழ்க்கை வேணாமா?"

சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தேன். எனக்கென்று இருந்தது எது என்று அவனுக்கு இவ்வளவு நாளும் தெரிந்திருக்கவில்லை.

அந்த வாரம்தான் உள்ளறைக்குப் புதுக் கதவு செய்தேன். சதுரக் குழாயில் சட்டம், இரண்டு பக்கமும் தகடு, நடுவில் பஞ்சுப் பலகை. ஜன்னலுக்கும் கம்பியின் மேல் தகடு அடித்தேன், மேலே காற்றுக்கு மட்டும் இடம் விட்டு. கதவை மாட்டும்போது மறுமுனையைத் தம்பிதான் பிடித்தான். துருப் பிடிக்காமலிருக்க அடிக்கிற சிவப்புப் பூச்சையும் அவன்தான் பூசினான். மூக்கில் எல்லாம் பெயின்ட்.

"எதுக்குண்ணா இவ்ளோ கனம்?"

"திருட்டு பயம்டா."

"நம்ம வீட்டுல திருட என்ன இருக்கு?" என்று சிரித்தான். கீழே நான் விட்டிருந்த சின்னத் திறப்பைப் பார்த்து, "இது என்ன, பூனைக்கா?" என்றான்.

நானும் சிரித்தேன். அன்றைக்கு நாங்கள் சேர்ந்து வேலை செய்தது நன்றாகவே இருந்தது.

கிளம்ப வேண்டிய காலையில் தையல்காரம்மாவிடம் போய்ச் சொல்லிக்கொண்டு வந்தான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுக்க உள்ளே போனான். நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். தள்ளவில்லை, அடிக்கவில்லை. அவன் மேல் நான் ஒரு நாளும் கை வைத்ததில்லை. அதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

"அண்ணா, கதவு மாட்டிக்கிச்சு" என்றான் முதலில். "கீல்ல ஏதோ பிரச்சனை போல. வெளியேருந்து தள்ளிப் பாருண்ணா."

நான் பட்டறைக்குப் போய் மெஷினைப் போட்டேன்.

ஆரம்பத்தில் சத்தம் போட்டான். குறையாகச் சொல்லவில்லை, யாராக இருந்தாலும் போடுவார்கள். அந்த மாதம் வந்த வேலையையெல்லாம் எடுத்துக்கொண்டேன். காலையிலிருந்து இரும்பு அறுத்தேன். சாயங்காலம் மெஷினை நிறுத்தினால் டிவியைச் சத்தமாக வைப்பேன். கை நகம் இரண்டு போயிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அது நான் செய்ததல்ல. கதவில் எங்காவது சந்து இருக்கிறதா என்று தேடியிருக்கிறான். நான் செய்கிற கதவில் சந்து இருக்காது. அது அவனுக்கே தெரியும்.

அவன் போனை அன்று காலையிலேயே எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். நண்பர்கள் கேட்டால் நன்றாக இருக்கிறேன், வகுப்பு அதிகம் என்று பதில் போட்டேன். வரவர அவர்களும் கேட்பதில்லை. அவர்களுக்கும் புது இடம், புது ஆட்கள். கணக்கு வாத்தியார் மட்டும் நேரில் வந்தார்.

"காலேஜ்ல விசாரிச்சேன். சேரவே இல்லைங்கறாங்களே?"

"வேற காலேஜ்ல கிடைச்சுதுங்க சார். இன்னும் தூரம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமலா போனான்?" அவருக்கு வருத்தமாகிவிட்டது. பாவம், நல்ல மனுஷன். நான் அறுத்துக்கொண்டிருந்த கம்பியை மறுபடி எடுத்தேன், அவர் போய்விட்டார்.

இரண்டு தடவை சாப்பிடாமல் கிடந்தான். தட்டு அப்படியே திரும்பி வரும். எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு அவனே சாப்பிட்டான். நேரம் போகாமல் கஷ்டப்படுகிறான் என்று அவன் தூங்கும்போது டிவியையும் பெட்டியையும் உள்ளே வைத்தேன். இன்னொரு டிவி வாங்கி, வயரைப் பிரித்து, கதவுக்கு வெளியேயும் அதே படம் தெரியும்படி செய்தேன். என் ஜாய்ஸ்டிக்கின் வயர் கீழ்த் திறப்பு வழியாக உள்ளே போனது. நான் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து ஆடுவேன்.

சிவப்புக் கார் கிளம்பவில்லை. கோட்டிலேயே நிற்கும். நான் மட்டும் சுற்றிச் சுற்றி வருவேன், ஒவ்வொரு சுற்றிலும் அதைத் தாண்டிப் போவேன். மழைக்காலம் முழுக்க அப்படித்தான். நான் ஒரு வார்த்தை கட்டாயப்படுத்தவில்லை. ஆடாத அன்றைக்கு விளக்கை மட்டும் அணைத்துவிட்டுப் போவேன். கரண்டுக்குக் காசு ஆகிறதே.

ஒருநாள் கார் கிளம்பியது.

மேடம், எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. முதல் வளைவில் தடுமாறி, அப்புறம் பழைய வேகம். என்னைத் தோற்கடித்தான். உள்ளேயிருந்து ரொம்ப நாள் கழித்து அவன் குரல் கேட்டது: "இன்னொரு ஆட்டம் போடலாமாண்ணா?"

வாத்தியாரும் அந்த வீட்டம்மாவும் சொன்னது தப்பு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். வளர்ந்தால் போய்விடும் என்கிறார்கள். ஒன்றும் போகவில்லை, உள்ளே எங்கேயோ இருந்திருக்கிறது. வெளியிலிருந்து இழுக்கிற சமாச்சாரங்களை எடுத்துவிட்டால் திரும்பி வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு தினமும் ஆடினோம். சின்ன வயதில்கூட அவன் அவ்வளவு நன்றாக ஆடியதில்லை. நான் போதும் என்றாலும் விடமாட்டான். "எனக்கு இதுதாண்ணா பிடிக்குது" என்பான். கேட்காமலே சொல்வான். என் வாழ்க்கையில் நல்ல நாட்கள் எவை என்று கேட்டால் அவைதான்.

போன வாரம் மத்தியானத்தில் கரண்ட் போனது உங்களுக்குத் தெரியும். எங்கோ டிரான்ஸ்பார்மர் வெடித்து, தெருவே அணைந்தது. நான் ஒரு வீட்டில் கிரில் மாட்டப் போயிருந்தேன். பட்டறை மெஷின் ஓடவில்லை, தையல் மெஷினும் நின்றுவிட்டது. அந்தத் தெரு அப்படி அமைதியாக இருந்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தையல்காரம்மா துணியை மடித்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கேட்டதாம். உதவிக்குக் கூப்பிடவில்லை என்று அவரே உங்களிடம் சொன்னாரே.

"அண்ணா, லைட்டைப் போடுண்ணா. நான் ஆடறேன்ணா. மாட்டேன்னு சொல்லவே இல்லையேண்ணா. இப்பவே ஆடறேன், லைட்டைப் போடு."

அதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறான். விளக்கு போனதும் நான்தான் அணைத்தேன் என்று நினைத்துவிட்டான். அந்த அம்மா குரலை அடையாளம் கண்டுகொண்டு உங்களுக்குப் போன் செய்தார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவர் கேட்டதை நீங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்ட விதம்தான் எனக்குப் புரியவில்லை. விளையாட வேண்டும் என்று ஒரு பையன் அவ்வளவு கெஞ்சுகிறான் என்றால் அதற்கு என்ன அர்த்தம்?

ஆமாம், மேடம். நான்தான் அடைத்து வைத்தேன். கதவை அதற்காகத்தான் செய்தேன். கல்லூரிக்குப் போகாமல் தடுத்தேன், ஊருக்கெல்லாம் பொய் சொன்னேன், விளக்கை அணைத்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று. தாழ்ப்பாளைத் திறந்தபோது நீங்களும் என் பக்கத்தில்தான் நின்றீர்கள். வாசல் திறந்துதான் கிடந்தது, வெளியே நல்ல வெயில். நீங்கள் கையை நீட்டி, "வாப்பா, பயப்படாத" என்றீர்கள். அவன் உங்களைப் பார்க்கவே இல்லை. சுவரோடு ஒட்டி நின்று என் முகத்தைப் பார்த்து, "போகட்டுமாண்ணா?" என்று கேட்டான். நான் தலையை அசைத்த பிறகுதான் வாசலைத் தாண்டினான். அண்ணன் மேல் அவ்வளவு பாசம் இல்லாதவன் எதற்கு மேடம் அப்படிக் கேட்கப் போகிறான்?